மாலை போட்ட கார்டும் மாலை போடாத கார்டும்

1. தோகை நின்ற நாள்

2007 ஜூன் மாதம். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சிஸ்டம்ஸ் பொறுப்பில் இருந்தேன். அடுத்த ஆண்டுக் காலண்டருக்காகத் தயாராகிக்கொண்டிருந்த முருகன் படத்தில், மயில் திரையில் அசையாமல் நின்றுவிட்டது.

படத்தைச் செய்தவர் முருகேஸ்வரி. ஆமத்தூர்க்காரர். எங்கள் டிசைன் பிரிவில் 3டி சாஃப்ட்வேர் தெரிந்த ஒரே ஆள். முருகனைத் தூரிகையால் வரையாமல், கம்ப்யூட்டரில் முழு உருவமாகச் செய்து, வேண்டிய கோணத்தில் திருப்பி, ஒளி அமைத்துப் படமாக எடுப்பது அவருடைய யோசனை. வேல், கிரீடம், நகை வரை சிக்கலில்லை. தோகைக்குப் பீலி பீலியாக வைக்கத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் திணறியது. மவுஸை நகர்த்திவிட்டு, படம் திரும்புவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக ஒரு செய்தி. சிவகாசியில் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்று வெளியிடுவது வழக்கம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஆர்டர் பிடிக்கப் போவார்கள். ஆல்பத்தில் இல்லாத படத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலாளியைப் பெரிய அண்ணாச்சி என்போம். அவர் திரையைப் பார்த்தார், முருகேஸ்வரியைப் பார்த்தார்.

"ஏம்மா, முடியுமா முடியாதா? முடியாட்டி இப்பவே சொல்லிரு. மெட்ராசுல குடுத்து வாங்கிக்கிடுதேன். பெறகு இங்கன 3டின்னு தனியா ஒரு சீட்டு எதுக்கு?"

அவர் சொன்ன சீட்டு முருகேஸ்வரியுடையது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

"கிராபிக்ஸ் கார்டு மாத்துனா முடியும் அண்ணாச்சி," என்றேன்.

2. இரண்டு கட்சி

கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற, திரையில் படத்தைக் காட்டும் பலகை. கார்டு என்றதும் இரண்டு கட்சி உருவானது. பெரியவரின் தம்பி சின்ன அண்ணாச்சி, சென்னைக்குப் போனவர் கையோடு ஒரு கேமிங் கார்டு வாங்கி வந்துவிட்டார். அப்போது கிடைத்த கேமிங் கார்டுகளில் உச்சத்தில் இருந்தவற்றுள் அதுவும் ஒன்று. மதுரை டீலரோ, "டிசைன் வேலைக்கு ஒர்க்ஸ்டேஷன் கார்டுதான் சார்" என்று, அதைவிட விலை கூடிய ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். பிடித்திருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பித் தரலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபைல். கார்டை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். சோதனை மூன்று. முதலாவது, உருவத்தை வெறும் கோடுகளாக வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவது. இரண்டாவது, வண்ணமும் நிழலும் சேர்த்துச் சுற்றுவது. மூன்றாவது, அச்சுக்குப் போகும் கடைசிப் படத்தை எடுப்பது, அதாவது ரெண்டர்.

காலையில் டீலரின் கார்டு. மூன்றிலும் தடங்கல் இல்லாமல் ஓடியது. டீலர் காபியை நிதானமாகக் குடித்தார்.

அடுத்து சின்ன அண்ணாச்சியின் கார்டு. டீலர் கார்டு இரவல் பொருள். இது நம் பொருள். நம் பொருள் என்றால் பூஜை போடாமல் எப்படி? எங்கள் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் முதல் ஃபேக்ஸ் வரை எல்லாவற்றுக்கும் உண்டு. மெஷின் ஃபோர்மேன் வந்து கார்டின் ஃபேன் ஓரத்தில் சந்தனம் வைத்தார். நான் கார்டை மாட்டிக் கேபினெட்டை மூடியதும், சூடம் காட்டி, ஆப்செட் மெஷினுக்குச் செய்கிற மரியாதையை அதற்கும் செய்தார். கேபினெட்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு எல்லோரும் திரையைப் பார்க்கத் தொடங்கினோம்.

சின்ன அண்ணாச்சி முதலில் ஒரு கார் ரேஸைப் போட்டார். "பாருங்கண்ணே, காரு எப்படி வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு!"

"நாம காலண்டர் அடிக்கமா, காரு ஓட்டுதமா? மயிலைக் காட்டுலே."

மயிலைக் கோடுகளாகச் சுற்றியபோது கொஞ்சம் தயங்கியது. வண்ணத்தோடு சுற்றியபோது முதலில் பறந்தது. பிறகு திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. தோகை சதுரம் சதுரமாகப் பிய்ந்தது. கடைசியில் திரை கறுத்துவிட்டது.

"என்னலே, நமத்த வெடியால்ல வாங்கியாந்திருக்கே?" என்றார் பெரியவர்.

மறுபடி போட்டோம். மறுபடியும் கறுத்தது. டீலர் தன் கார்டுதான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். பெரியவர் அவரையும் நிறுத்தினார். "இருங்க சார். எனக்கு இந்த வெளையாட்டே வேண்டாம். மெட்ராசுக்கே போன் போடுதேன்." போனைக் கையில் எடுத்தார்.

3. கால் சுட்டது

முருகேஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"சார், காலுல என்னமோ சுடுது."

நானும் குனிந்தேன். கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகிற சல்லடையை மூடிக்கொண்டு ஒரு கனத்த சம்பங்கி மாலை. பின்பக்கம், சூடான காற்று வெளியே வருகிற இடத்தை மறைத்து ஒரு ஜரிகைத் துண்டு. பூ வதங்கிப்போயிருந்தது.

"மாலைதானே சார்? அம்மாம்பெரிய ஃபோர் கலர் மெஷினே ஒண்ணுஞ் சொல்லாது," என்றார் ஃபோர்மேன்.

"அந்த மெஷினு மூக்கை மூடுனா செத்துப்போற சாதி இல்லண்ணே. இது செத்துப்போயிரும்," என்றார் முருகேஸ்வரி. பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனைக் கீழே வைத்தார்.

மாலையையும் துண்டையும் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஆறவிட்டு, நியாயத்துக்காக இரண்டு கார்டையும் முதலிலிருந்து சோதித்தேன். கோடுகளாகச் சுற்றுவதில் டீலர் கார்டு தெளிவாக முந்தியது. வண்ணத்தோடு சுற்றுவதில் சின்ன அண்ணாச்சியின் கார்டு முந்தியது. ரெண்டரில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எங்கள் சாஃப்ட்வேரில் அது பிராசஸர் செய்கிற வேலை. கார்டுக்கு அதில் பங்கில்லை.

"ஒனக்கு எது வேணும்?" என்று பெரியவர் முருகேஸ்வரியைக் கேட்டார்.

"நான் கோட்டுலதான் வேலை பாப்பேன் அண்ணாச்சி. வண்ணம் கடேசியிலதான். அவுக கொண்டாந்தது தோது." டீலரைக் காட்டினார்.

பெரியவர் யோசித்தார். "பூஜை போட்டதைத் திருப்பிக் குடுக்கப்படாது. ரெண்டு வாங்கவும் முடியாது."

முருகேஸ்வரி சந்தனம் வைத்த கார்டு இருந்த கேபினெட்டைக் காற்றுப் படும்படி லேசாக வெளிப்பக்கம் நகர்த்தினார்.

"அப்ப இதுலயே செஞ்சுருதேன். மாலை மட்டும் போடாதீக."

4. தோற்ற கார்டில் வந்த படம்

டீலர் தன் கார்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். முருகேஸ்வரி தோகையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பகுதியில் வேலை செய்யும்போது மற்றவற்றை மறைத்து வைத்தார். திரையில் கோடுகள் குறைந்ததும் கார்டின் தயக்கமும் குறைந்தது. ரெண்டருக்கு அக்கவுண்ட்ஸ் பிரிவின் கம்ப்யூட்டர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சேர்த்துக் கொடுத்தேன். ஆடிப் பதினெட்டு ஆல்பத்தில் மயில் இருந்தது. அந்தச் சீட்டைப் பற்றிப் பெரியவர் பிறகு பேசவில்லை.

பின்னாளில் எத்தனையோ கார்டுகளை ஒப்பிட்டிருக்கிறேன். இணையத்தில் வரும் அட்டவணைகளையும் விடாமல் படிக்கிறேன். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரப்போகிறவர் எப்படி வேலை செய்வார் என்பது அவற்றில் இருக்காது. எங்கள் சோதனையிலும் முருகேஸ்வரியின் வேலைக்கு ஏற்றது டீலர் கார்டுதான். அச்சுக்குப் போன படமோ மற்றதில் வந்தது.

அச்சகத்தில் ஒரு மாற்றம் மட்டும் நிலைத்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் ஃபோர்மேன் மாலையோடு வாசலில் நிற்பார். முருகேஸ்வரி குனிந்து கேபினெட்டின் முன்னும் பின்னும் கையை வைத்துப் பார்ப்பார். பிறகு அவர் காட்டுகிற இடத்தில், மானிட்டருக்கு மேலே சுவரில் அடித்த ஆணியில், மாலை ஏறும்.