ஆவி சாமிக்கு, சோறு இவர்களுக்கு

மீனம்மாளுக்கு ரோஷமே கிடையாது என்று ஆவுடையார்கோவிலில் சொல்வார்கள். யார் சொன்னது? நிறையவே உண்டு. சோறு ஆறிப்போகுமே, ரோஷத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்தி வைத்துவிடுவாள், அவ்வளவுதான்.

மத்தியானம் ஆனால் சோற்றுக் குண்டானைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவாள். நாதியில்லாமல் அங்கே கிடக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சோறு. ஆனால் எடுத்தவுடன் போட மாட்டாள். கோவில் இருக்கும் திசை பார்த்து மூடியைத் திறந்து, கைகூப்பி நிற்பாள். அந்தக் கோவிலில் சுடுசோற்றின் ஆவிதானே சாமிக்குப் படையல்! ஆவி அவருக்கு, சோறு இவர்களுக்கு.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் குணசேகரனுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, சாமி சாப்பிட்டாச்சா? ஏப்பம் விட்டதும் சொல்லுங்க, வெத்தலை பாக்கு அனுப்புறேன்!"

பெஞ்சில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மீனம்மாளுக்கு வலிக்காமல் இல்லை. வீட்டுக்கு வந்து குண்டானை நாலு தேய்ப்பு கூடுதலாகத் தேய்ப்பாள். மறுநாளும் போவாள்.

ஒருநாள் காலையில் அதே குணசேகரன் அவள் வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, ரெண்டு நாளா அப்பா ஒரு வாய் சாப்பிடல. தட்டை வச்சா அங்கிட்டு தள்ளிவிட்டுட்டு, 'இன்னும் ஆகல'ங்கிறார். என்ன ஆகலன்னு கேட்டா சொல்லத் தெரியல. இப்படியே விட்டா ஆளு தங்காதுங்கிறார் டாக்டர். நீங்க யார் யாருக்கோ ஊட்டிவிடுறீங்க…"

அவன் அப்பா அய்யாக்கண்ணுவுக்கு நினைவு தப்பி வருஷமாகிறது. பெற்ற பிள்ளையையே "யாரு தம்பி நீ?" என்று கேட்பார்.

'வெத்தலை பாக்கு எங்கடா?' என்று கேட்க மீனம்மாளுக்கு நாக்குத் துடித்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கொதிக்கக் கொதிக்கச் சோற்றைக் கொண்டுபோய் அய்யாக்கண்ணுவின் கட்டிலருகே இறக்கினாள். பழக்கதோஷம், கோவில் திசை பார்த்து மூடியைத் திறந்து கைகூப்பினாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, அவரும் கைகூப்பினார். ஆவி அடங்கும் வரை அசையவில்லை.

"சாமிக்கு ஆயிருச்சு. எலையப் போடு ஆத்தா" என்றார்.

"அட, இவரும் நம்ம கட்சிதான்!" என்று மீனம்மாள் சிரித்தேவிட்டாள். கிழவர் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று குணசேகரன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இப்போது மத்தியானமானால் குண்டானைத் தூக்கி வருவது குணசேகரன்தான். கூடவே அப்பாவையும் கைப்பிடித்து அழைத்து வருகிறான்.

"என்ன குணசேகரா, சாமி சாப்பிட்டாச்சா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும்.

"எங்கப்பா கும்பிடுறாருடா, சத்தம் போடாதீங்க" என்று அதட்டிவிட்டு அவனும் கைகூப்புவான்.

"நல்லாக் கும்பிடு தம்பி" என்பாள் மீனம்மாள். "அப்படியே அந்த வெத்தலை பாக்கையும் எடுத்துட்டு வா. எத்தனை நாளா சாமி காத்துக்கிட்டு இருக்காரு!"