குகை வாசலில் ஒற்றைத் தும்மல்

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். குகை எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியாது. எப்படியெல்லாம் இடிந்து விழும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவன் ஜவ்வாது மலையில், சிற்றாறு பாறைக்குள் புகுந்து இருட்டில் ஓடும் அந்தக் குகைக்குள் போனதற்குக் காரணம் என் மகளின் கல்யாணம்.

திருப்பத்தூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை. பிறகு மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். தன் வீட்டம்மாளுக்கு அந்தக் குகையைப் பார்க்க ஆசையாம். பெரியவர்கள் நாலு பேரும் சேர்ந்து போய், அப்படியே பேசியும் முடித்துவிடலாம் என்றார். எங்கள் ஊர் சந்தவாசலில் வண்டி ஏறும்போதே என் மனைவி எச்சரித்தாள்.

"உங்க பயத்தையெல்லாம் வூட்லயே வெச்சிட்டு வாங்க. அங்க வந்து ஏதாவது ஒளறுனீங்க, சம்பந்தம் போச்சு."

உளறவில்லை. விளக்கு வைத்த தொப்பி கொடுத்தார்கள். தொப்பி கொடுக்கிறார்கள் என்றால் மேலிருந்து ஏதோ விழும் என்றுதானே அர்த்தம்? அதைக்கூடக் கேட்காமல் மாட்டிக்கொண்டேன். கைடாக வந்த மலையூர்ப் பெண், முழங்கால் அளவுதான் தண்ணீர், பாறையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி உள்ளே காலை வைத்தாள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

ஒற்றைத் தும்மல் தடை. இரண்டாவது வந்துவிட்டால் பாதகமில்லை. வராவிட்டால் கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கல்யாணம் பேசப் போகிற இடத்தில், அதுவும் பிள்ளை வீட்டுக்காரரே தும்மினால்? அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை. பாட்டிலை நீட்டினேன். உள்ளே பூராவும் தண்ணீர்தானே என்று சிரித்துவிட்டு இறங்கிவிட்டார்.

பெண்கள் இருவரும் கைடோடு பேசிக்கொண்டே முன்னால் போய் ஒரு திருப்பத்தில் மறைந்தார்கள். நாங்கள் இருவரும் பின்தங்கினோம். மற்ற நாளாக இருந்தால் வௌவால், பாம்பு, மலையில் திடீர் மழை என்று முறை வைத்துப் பயந்திருப்பேன். அன்று எல்லாப் பயமும் அவர் மூக்கின் நுனியில் போய் உட்கார்ந்திருந்தது.

மேலிருந்து சொட்டிய நீர் அவர் முகத்தில் வழிந்தது. என் தோள் துண்டைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது, அது நான் வேலை செய்யும் மாவு மில்லில் மிளகாய் அரைக்கும்போது போட்டிருந்த துண்டு. கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். கை இழுக்கவில்லை. அவர் அழுத்தித் துடைத்தார்.

முன்னாலிருந்து கைடின் குரல் வந்தது: எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், ஆறு ஓடுவது கேட்கும். அணைத்தோம். அப்படி ஓர் இருட்டு. ஆறு கேட்கத் தொடங்கிய அந்த நேரம் அவர் தும்மினார். குகை அதை வாங்கிக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது.

"அப்பாடா," என்றது பக்கத்து இருட்டு. "ரெண்டாச்சு. வாசல்லருந்து இதுக்குத்தாங்க காத்துட்டே வந்தேன்."

"நான் தண்ணி குடுத்தேனேங்க?"

"குடிச்சிருப்பேன். எங்க வூட்டம்மா மொறைச்சாங்க. சகுனம் பாக்கறத பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி காட்டக்கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க."

வெளியே வந்தபோது பெண்கள் வெயிலில் பாறைமேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளேயே பேசி முடித்துவிட்டார்களாம். இத்தனை நேரம் உள்ளே இன்னா பண்ணீங்க என்று என் மனைவி கேட்டாள். ஆறு ஓடுவதைக் கேட்டோம் என்றேன்.

சம்பந்தி என் முழங்கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"உள்ள பேசி முடிச்சாங்கல்ல? அது நான் ரெண்டாவது தும்மறதுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?"

எனக்கும் அதே கவலைதான். பெண்ணைப் பெற்றவர் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும் என்றார் அவர். தும்மியவர் நீங்கள் என்றேன் நான்.