குப்புசாமி மாமாவுக்கு முன் பிறந்தவர்கள்

நான்காவது நிமோனியாவின் (நுரையீரல் அழற்சி) போதுதான் முதல் மூன்றைப் பற்றி ஒருவர் கேட்டார். ஈப்போவில் ஒரு மருத்துவமனை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்தேன். இளம் மலாய் மருத்துவர் ஒருவர் என் கோப்பைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினார். சிறுவயதில் காதில் சீழ் வந்ததுண்டா என்றார். பள்ளி முடியும்வரை காதில் பஞ்சோடுதான் போனேன் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக என் காதும் நுரையீரலும் ஒரே வாக்கியத்தில் வந்தன.

நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளனாகவும் பிறகு துணையாசிரியனாகவும் வேலை பார்த்தவன். ஊராரின் மரண அறிவிப்புகளில் தேதி சரிபார்த்த நான், என் காய்ச்சல்களை ஒருமுறைகூட வரிசைப்படுத்திப் பார்த்ததில்லை.

இரத்தப் பரிசோதனை தெளிவாக இருந்தது. இம்யூனோகுளோபுலின் (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) மிகக் குறைவு. அதை உண்டாக்கும் பி அணுக்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ஏறக்குறைய இல்லை. மூச்சுக்குழாய்களின் கீழ்ப்பகுதி விரிந்துவிட்டது; அது இனிச் சுருங்காது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த புரதத்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். காரணம் தெரிவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடலாம். இதே நிலையில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்துக்காகக் காத்திருந்து நுரையீரலை இழக்க வேண்டாம்.

எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. என் மகள் கவிதாவுக்குத் தேவைப்பட்டது. அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஸ்கேனில் ஆண் குழந்தை என்று சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்ப்பா. இவன் பொறந்த அன்னிக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும்னு நான் டாக்டர்கிட்ட சொல்லணும். காய்ச்சல் வந்தப்புறம் தெரிஞ்சு என்ன லா பண்றது?"

கேட்க வேண்டிய ஆள் வீட்டிலேயே இருந்தாள். என் தங்கை மாலதி மரபணு ஆய்வாளர். வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே சில ஆண்டுகள் வெள்ளை அணுக்களின் மரபணுத்தொகுதியை (உடலின் முழுக் குறிப்பேட்டை) எழுத்தெழுத்தாக வாசிக்கும் வேலையில் இருந்தவள். ஒப்பிடுவதற்கான உலகத் தரவுகளில் எங்களைப் போன்ற ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் மிகக் குறைவு என்பதை அங்கேதான் கண்டாள். ஒரு மாற்றம் நோயா, அல்லது எங்களிடையே சாதாரணமாக இருப்பதா என்று சொல்ல ஆளில்லை. அதற்காகவே ஈப்போவுக்குத் திரும்பி, எதிர்ப்புச் சக்தி குறைந்த குடும்பங்களின் மாதிரிகளைச் சேகரித்து வந்தாள்.

என் மாதிரியை அவள் தொடவில்லை. சொந்த அண்ணன் என்பதால் உடன் வேலை பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டாள். முடிவு வந்தபோது மூன்று மரபணுக்களில் மூன்று மாற்றங்கள் இருந்தன. மூன்றுக்கும் நேராக ஒரே குறிப்பு: முக்கியத்துவம் தெரியவில்லை.

"உனக்கு எது மேல சந்தேகம்?" என்றேன்.

"அண்ணே, தெரியலைன்னா தெரியலைதான். நான் ஒண்ணு சொல்லுவேன், நீங்க நேரா போயி கவிதாகிட்ட சொல்லுவீங்க. ஆதாரமில்லாம நீங்க செய்தி போட்டிருக்கீங்களா?"

போட்டதில்லை. அந்த அறிக்கையை ஒரு பிரதி கேட்டு வாங்கி, அச்சுக்குப் போகும் பக்கத்தைப் போல வாசித்தேன். மூன்றில் ஒன்று எக்ஸ் குரோமோசோமில் (தாயிடமிருந்தே மகனுக்கு வரும் பகுதி) இருந்தது. அதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். காரணமும் எழுதியிருந்தது: தாய்மாமன் ஒருவர், எழுபத்தாறு வயது, நலம். தாய்வழி ஆண்களிடம் தெரிய வேண்டிய இந்நோய் குடும்பத்தில் இல்லை. மாமாவின் பெயர் குப்புசாமி.

அந்தப் பெயரில் நின்றேன். முன்னே பிறந்தவை தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மா, பிச்சை என்று பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். சிலருக்கு அது வெறும் தாத்தா பெயர். எது என்று கேட்டால்தான் தெரியும்.

மாலதியிடம் காட்டினேன். "மாமா வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அம்மாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. மாமா சித்தியவானில் இருக்கிறார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பிறகு லாரி ஓட்டி, இப்போது வாசலில் மிளகாய்ச் செடி வளர்க்கிறார். கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

"மாமா, உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"என்னா மாப்ள, போலீஸ்காரன் மாதிரி கேக்குற? உங்க பெரியம்மா, உங்கம்மா, நானு. மூணு பேரு லா. மாலதி போன்ல கேட்டப்பவே சொன்னேனே."

"இருந்தவங்க இல்ல மாமா. பொறந்தவங்க."

கோப்பியைக் கீழே வைத்தார். "செத்ததை எல்லாம் யாரு கணக்குல சேப்பா? எனக்கு முன்ன மூணு. பின்ன ஒண்ணு. நாலும் பயலுவ."

"பொண்ணு?"

"பொண்ணு ஒண்ணும் சாவல. ரெண்டும் கல்லு மாதிரி நின்னுச்சுங்க."

மாலதி எழுதிக்கொண்டிருந்தாள். "எத்தனை மாசத்துல மாமா?"

"ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருப்பானுங்களாம். எங்கம்மா சொல்லிச் சொல்லி அழும். தவழ ஆரம்பிச்சா காய்ச்சல், காதுல சீழு, மாரு சளி. தோட்டத்து ஆஸ்பத்திரில ஒரு தண்ணி மருந்து குடுப்பான். ஒரு வயசு தாண்டாது. அவ்ளோதான். அதான் என்னைக் குப்பையில போட்டு, அடுத்த லயத்து வீட்டுப் பொம்பள ஒருத்தி ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கி, திருப்பிக் குடுத்தா. அதுலதான் நான் தப்பிச்சேன்."

மாலதியின் பேனா ஆறு மாதம் என்ற இடத்தில் நின்றிருந்தது. தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் இரத்தத்தில் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் தங்கும். பிறகு குழந்தை தானே செய்துகொள்ள வேண்டும். அந்த நான்கு பேராலும் முடியவில்லை. எனக்கும் அதே குறைதான். ஆனால் என்னிடம் அந்தப் புரதம் கொஞ்சம் மிச்சமிருந்தது, கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக்கும் இருந்தது.

"மாமா, கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

"குப்பையில எடுத்த ரத்தம்மா. உன் மெஷினு கெட்டுப் போகாதே?"

திரும்பும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன். "இத்தனை வருஷமா குடும்பங்கள்கிட்ட கேள்வி கேக்குற அந்த ஃபாரம் நான் எழுதினது அண்ணே," என்றாள். "உயிரோட இருக்கிறவங்களத்தான் கேட்டிருக்கேன். நம்ம ஆளுங்க செத்த புள்ளைய வாய்விட்டு எண்ணமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்த லயத்துல பொறந்தவதானே."

மாமாவின் கதை சான்று ஆகாது. அந்தக் காலத் தோட்டத்தில் குழந்தைகள் எதற்கு வேண்டுமானாலும் இறந்தார்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் அடுத்து எதைச் சோதிப்பது என்பது முடிவாகிவிட்டது. அந்த எக்ஸ் குரோமோசோம் மரபணு செய்ய வேண்டிய புரதம் என் வெள்ளை அணுக்களில் இருக்கிறதா என்று அவளுடைய சகா பார்த்தார். மிகச் சிறிதளவே இருந்தது. மாமாவிடம் முழுதாக இருந்தது. அந்த மாற்றம் அவரிடம் இல்லை. பூவா தலையாவில் அவருக்குப் பூ விழுந்திருக்கிறது. அவரிடம் இதை விளக்கினேன். தவிட்டைத்தான் இன்னும் நம்புகிறார்.

கவிதாவிடம் மாலதியே சொன்னாள்.

"அப்ப எனக்கு இருக்கா அத்தை?"

"நிச்சயம். அப்பாகிட்ட இருக்கிறது ஒரே எக்ஸ். அது மகளுக்குத்தான் வரும். உனக்கு நோய் வராது. கடத்துவ."

"இவனுக்கு?"

"பாதிக்குப் பாதி."

கவிதா என் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதி வெச்ச சொத்து இது ஒண்ணுதான் போல." சிரித்துவிட்டு, என்னென்ன பரிசோதனை என்று தாளில் எழுதச் சொன்னாள். அந்தத் தாளைப் பிரசவப் பையின் மேலாக வைத்தாள்.

குழந்தை பிறந்த அன்றே தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளை முடிவு வரும்வரை நிறுத்திவைத்தார்கள். ஒன்பது நாள் கழித்து மாலதி நேரில் வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பி அணுக்கள் இல்லை. அந்த மாற்றம் அவனுக்கும் இருக்கிறது.

கவிதா அழவில்லை என்று எழுத விரும்பவில்லை, அழுதாள். பிறகு, "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்தார்கள். தாயின் புரதம் வடிந்துபோவதற்குள் பிறருடைய புரதம் ஏறத் தொடங்கியது. மாலதி தன் படிவத்தை மாற்றி எழுதினாள். முதல் கேள்வி இப்போது, உங்கள் தாய்க்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்பது. பாரிட் புந்தாரிலிருந்து லூமுட்வரை பழைய குடும்பங்களை மறுபடியும் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்களையும் யாராவது கேட்டால், போனவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆணா, பெண்ணா, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள்.

எனக்கு மாதம் என்பது இப்போது நான்கு வாரம். மூன்றாம் வாரக் கடைசியில் உடம்பு மெல்லத் தாழ்வதை நானே உணர்கிறேன். காய்ச்சலுக்கு முந்தைய அந்தக் கனம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதைத்தான் உடம்பு என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன்.

என் பேரனுக்கு இப்போது பதினான்கு மாதம். அந்த நால்வரும் தாண்டாத வயதைத் தாண்டிவிட்டான். இன்றுவரை ஒருநாள்கூடக் காய்ச்சலில் படுத்ததில்லை. அப்படி ஓர் உடம்புக்குள் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவன் பேசத் தொடங்கட்டும், கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.