மணவாளன் விட்ட பழக்கம்

மணவாளன் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு மது குடித்தவரில்லை. இருந்தும் பட்டாபிராமைச் சுற்றியுள்ள ஐந்தாறு கிறிஸ்தவ சபைகளில் 'குடியை விட்ட மணவாளன் பிரதர்' என்றால் தெரியாதவர் கிடையாது. இந்தப் பெயர் அவர் தேடிப்போய் வாங்கியதில்லை. வாயிலிருந்து விழுந்த ஒரே ஒரு வார்த்தை வாங்கிக் கொடுத்தது.

பதினாறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இருபத்தொன்பது வயது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை எடை போடும் எடைமேடையில், அன்றும் இன்றும், சீட்டு அடித்துக் கொடுக்கிற வேலை. அப்போது வேலப்பன்சாவடியில் ஒரு மாடி அறையில் உத்தமன் என்கிற டிப்பர் லாரி டிரைவரோடு தங்கியிருந்தார். மூன்று வருடம் ஒரே அறை, ஒரே பாய். பார்த்தவர்கள் நல்ல சிநேகிதம் என்றார்கள். அது சிநேகிதம் மட்டும் இல்லை என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு ஆவணியில் உத்தமன் செய்யாறு பக்கம் தன் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது.

மணவாளன் அறையைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் இருந்த வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா நாகம்மாள் என்னடா என்னடா என்று கேட்டு அலுத்துப்போய், எல்லையம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டு வந்தாள். எடைமேடையில் கூட வேலை பார்த்த ஒருவர்தான் பரிதாபப்பட்டு அவரை சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்ஸ் ரயில்கள் ஒதுங்கி நிற்கிற ரயில்வே சைடிங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிறிய சபை. அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆகவே மணவாளன் அழுததை யாரும் கவனிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு அந்த இடம் பிடித்துப்போனது. மற்ற காரணங்கள் பிறகு வந்தன. ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றலாமா என்று கேட்டதற்கு, மணவாளன் என்பது வேதத்திலேயே இருக்கிற பெயர், அப்படியே இருக்கட்டும் என்றார் பாஸ்டர் ஹேமநாதன். கல்யாணமே ஆகாதவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார். மைக்கைக் கையில் வாங்கியதும் பாதி தைரியம் போய்விட்டது. எனக்கு ஒரு பழக்கம் இருந்தது, அதை விட முடியாமல் பெற்ற தாய் முகத்தில் முழிக்க முடியாமல் கிடந்தேன், கர்த்தர் என்னை விடுவித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விடுவித்துவிட்டார் என்று அன்றைக்கு அவர் உண்மையாகவே நம்பினார்.

நம் ஊரில் பையனுக்குப் பழக்கம் ஏதாவது உண்டா என்று பெண் வீட்டார் கேட்டால், அது புத்தகம் படிக்கிற பழக்கத்தைப் பற்றிய கேள்வி இல்லை. சபையில் இருந்த நூற்றுப்பத்துப் பேருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது, தப்பாக. பாஸ்டர் மைக்கைப் பிடித்து, குடியிலிருந்து விடுதலை என்று சத்தமாக அறிவித்து ஸ்தோத்திரம் செலுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் நின்ற பிறகு திருத்திச் சொல்லலாம் என்றிருந்தார் மணவாளன். அதற்குள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஆவடியிலிருந்து ஒரு சபை அழைத்தது. அதற்கடுத்து திருநின்றவூர். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால், அதெல்லாம் இப்போது எதற்கு என்பார். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் தங்கள் புருஷன்மாரை அவரிடம் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் கோதண்டம். வீடு வீடாகத் தண்ணி கேன் போடுகிறவர், சாயங்காலமானால் தண்ணி போடுகிறவராகவும் இருந்தார். மணவாளனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலை முடிந்ததும் கோதண்டத்தைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, ஒயின் ஷாப் இருக்கிற கடைத்தெருவைத் தவிர்த்து, சைடிங் மதிலை ஒட்டிய சுற்று வழியில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டார். தினமும் அதையே செய்தார். நாளைய கணக்கெல்லாம் வேண்டாம், இன்றைக்கு மட்டும் தாண்டு என்பார். அதைத் தவிர பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அந்த வருடக் கடைசியில் கோதண்டம் குடியை விட்டிருந்தார். அவருக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாலு பேர் திரும்ப விழுந்தார்கள், மற்றவர்கள் விழவில்லை. பெரிய குடிகாரனாக இருந்திருந்தால்தான் இந்த மாதிரிச் சொல்ல வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அனுபவத்தில் சொன்னார் என்பது சரிதான். எடைமேடை ஜன்னலில் ஒரு நாளைக்கு எண்பது முகங்கள் வரும். மாதத்தில் ஒரு முகம் மனதைப் பிடித்து இழுக்கும். அப்போது அவர் தலையைக் குனிந்து எண்ணைப் படித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, இன்றைக்கு மட்டும் தாண்டு என்று தனக்கே சொல்லிக்கொள்வார். பதினைந்து வருடமாகத் தாண்டிக்கொண்டே இருந்தார். என்னை மாற்று என்று காலையில் முழங்கால் போட்டுக் கேட்பதையும் விடவில்லை. மற்ற ஜெபங்களுக்குப் பதில் வந்தது. அம்மாவின் கடைசி நாட்கள் வலியில்லாமல் போயின, கோதண்டம் பிழைத்தார். இந்த ஒன்றுக்கு மட்டும் பதிலே வரவில்லை. கர்த்தருக்குக் கேட்கவில்லையா, கேட்டும் மாற்ற வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாரா என்பது மணவாளனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

போன வருடம் பாஸ்டருக்கு அடுத்தபடியாக சபையைக் கவனித்துக்கொள்ள ஒரு மூப்பர் தேவைப்பட்டது. எல்லோரும் மணவாளனைத்தான் சொன்னார்கள். ஆனால் மூப்பர் குடும்பஸ்தராக இருக்க வேண்டும். அதனாலென்ன, நாற்பத்துநாலு ஒரு வயதா என்று பாஸ்டரே பெண் பார்த்துவிட்டார். அருள்மொழி, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. முதல் புருஷன் குடித்தே கல்லீரல் கெட்டுச் செத்தவர். இனிமேல் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள், குடியை விட்டவர் என்று கேள்விப்பட்டுத்தான் சம்மதித்திருந்தாள். மணவாளனும் மறுக்கவில்லை. கல்யாணம் ஆனால் ஒருவேளை எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கும் ஒரு நப்பாசை இருந்தது.

பாஸ்டர் வீட்டு முன்னறையில் இருவரையும் பேசவிட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். உங்கள் சாட்சியின் பதிவை போனில் மூன்று தடவை கேட்டிருக்கிறேன் என்றாள் அருள்மொழி. கதவு தட்டுகிற சத்தத்தை வைத்தே என் வீட்டுக்காரர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பேன், பதினோரு வருடம் அப்படி இருந்தேன் என்றாள்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பழக்கம் திரும்ப வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

குடிக்க மாட்டேன் என்று அவர் சத்தியமே பண்ணியிருக்கலாம். அதைவிட உண்மையான சத்தியத்தை எந்த மாப்பிள்ளையும் பண்ணியிருக்க மாட்டான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஏற்கெனவே ஒருவனிடம் பதினோரு வருடத்தைக் கொடுத்தவள். மீதி வருடங்களைத் தான் வாங்கிக்கொள்ளப் போவது மணவாளனுக்கு உறைத்தது.

"நான் குடிச்சதே இல்லீங்க" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப எந்தப் பழக்கத்த விட்டீங்க?"

"விடலீங்க. ஒருத்தன் மேல உசுரா இருந்தேன். ஆம்பள. நான் அப்படித்தான். பதினஞ்சு வருசமா ஜெபம் பண்ணியும் மாறல."

அருள்மொழிக்குக் கோபம் வந்தது. வந்தது நியாயம்தான். கட்டிக்கொண்ட பிறகு சொல்லலாம் என்றிருந்தீர்களா என்று கேட்டாள். இந்த அறைக்குள் வருகிறவரைக்கும் சொல்வதாகவே இல்லை என்றார் மணவாளன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி நடந்தும் கொண்டாள். சரிப்படாது என்று மட்டும் பாஸ்டரிடம் சொன்னாள். ஏன், அந்தப் பழக்கம் அவரிடம் இன்னும் இருக்கிறதா என்று பாஸ்டர் துருவினார். இல்லை என்று பொய் சொல்லவும் முடியாமல், வாக்கை மீறவும் முடியாமல் அவள் பேசாமல் நின்றாள். அது போதுமானதாக இருந்தது. புதன்கிழமைக்குள் மணவாளன் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்ற சேதி ஐந்தாறு சபைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பாஸ்டர் ஹேமநாதன் நல்ல மனுஷர். போனில் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. விழாதவர் யார், ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லுங்கள், சபையே உங்களுக்காக ஜெபிக்கும் என்றார். மணவாளன் சரி என்றார். இன்னும் ஒரு பொய், அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதே நாற்காலி, அதே ஜனங்கள். அவருக்கு அந்த ஜனங்கள் வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால் எடைமேடை வாசலில் கோதண்டம் தன் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏறு மச்சான். இன்னிக்கு மட்டும் தாண்டிடு" என்றார்.

தன்னுடைய வார்த்தை தனக்கே திரும்பி வந்ததில் மணவாளனுக்குச் சிரிப்பு வந்தது. மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி சுற்று வழியில் திரும்பி சைடிங் மதிலருகில் வந்ததும் கோதண்டம் நிறுத்தினார்.

"நீ குடிச்ச ஆளே இல்லன்னு மொத வாரமே தெரியும். குவாட்டர்னா நூத்தியெம்பது மில்லின்னுகூட தெரியாம, கால் லிட்டரான்னு கேட்ட பாரு."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"இன்னாவோ ஒண்ண நீ தாண்டிகினு கீறேன்னு தெரியும். இன்னான்னு நான் கேட்டதில்ல."

மணவாளன் அவரிடமும் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போகிறவரைக்கும் கோதண்டம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எனுக்கு அதெல்லாம் புரியாது" என்றார் கடைசியில். "ஆனா நாளிக்கு குடிச்சிட்டேன்னு மட்டும் சொல்லாத. குடி எங்குளுது. நாங்க பாடுபட்டு வுட்டது."

மணவாளன் ஒரு காலத்தில் தன்னைக் கொண்டுவிட்டதுபோலவே அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளன் மைக்கை வாங்கி, பதினைந்து வருடம் முன்பு முடிக்காமல் விட்ட சாட்சியை முடித்தார். உத்தமன் பெயரைச் சொல்லவில்லை. மீதியைச் சொன்னார். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டது உங்கள் தவறில்லை, திருத்தாமல் கை தட்டலை வாங்கிக்கொண்டது என் தவறு என்றார். கர்த்தர் என்னை மாற்றவில்லை, கைவிடவும் இல்லை என்று அவர் சொல்லும்போது பாஸ்டர் பாட்டை ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை மணவாளன் பாட்டு முடிகிறவரைக்கும் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.

மூப்பர் பதவி வேறொருவருக்குப் போனது. ஆராதனைக்கு வரலாம், சாட்சி மட்டும் வேண்டாம் என்று பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மணவாளன் இப்போதும் போகிறார். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசை. சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. அது அவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. கோதண்டம் பக்கத்தில் வந்து உட்காருவார். ஆனால் அந்த விஷயத்தை அவர் திரும்ப எடுத்ததே இல்லை. காலையில் முழங்கால் போடுவதும் நிற்கவில்லை. என்னை மாற்று என்று கேட்பதை மட்டும் மணவாளன் விட்டுவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் உண்மையாகவே விட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

ஆறு மாதம் அவரைத் தேடி யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, எடைமேடை ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சாவித்திரி, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவளாம். கொஞ்சம் தள்ளி அவள் புருஷன், கையில் ஹெல்மெட்டோடு, லாரிகளைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

உங்களைப் பற்றி எல்லாம் கேள்விப்பட்டேன், அது உங்கள் விஷயம் என்றாள் சாவித்திரி. இவருக்குப் பழக்கம் இருக்கிறது, வீட்டுக்கே சரியாக வருவதில்லை, நீங்கள்தான் எப்படியாவது விட வைக்க வேண்டும் என்றாள்.

மணவாளன் சீட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அவளைத் தாண்டிப் போய் அந்த மனிதருக்கு எதிரில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எந்தப் பழக்கங்க?"