கார் மேல் முட்டையிட்ட தட்டான்

கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. யாராவது திரும்பிப் பார்த்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் திறந்தேன்.

எங்கள் தெருவுக்கு வரும் குடிதண்ணீர் லாரியை நிறுத்தப் போகிறார்களாம். பாலாற்றில் சேரும் எங்கள் ஓடை சுத்தமாகிவிட்டதாம், இனி ஓடையோரக் கிணற்றிலேயே குடிக்கலாமாம். சொல்ல வந்த அதிகாரி ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டினார். ஓடை மேல் ஒரு பெரிய தட்டான் பூச்சி.

"கெட்ட தண்ணியில இதுங்க வாழாது. பாருங்க, வந்துடுச்சு."

நான் படித்தது ஐந்தாவது. ஆனால் அந்த ஓடையில் நாற்பது வருஷம் துணி துவைத்தவள். அங்கே தட்டானில் இரண்டு தினுசு உண்டு. பெரிய தட்டான் உட்கார்ந்தாலும் இறக்கையை விரித்தேதான் வைத்திருக்கும். பறந்தபடியே கொசுவைப் பிடிக்கும். எங்கிருந்தோ வரும், எங்கேயோ போகும். ஊசித்தட்டான் ஈர்க்குச்சி கனம்தான். இறக்கையை முதுகோடு மடித்துக்கொண்டு, கோரையை விட்டு நகராமல், புல்லில் இருக்கும் பூச்சியைப் பொறுக்கித் தின்னும். தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் ஓடையில் நுரைத்துக்கொண்டு வந்த வருஷம் அது போனது. இன்றுவரை திரும்பவில்லை.

பெரியதன் புத்தியும் எனக்குத் தெரியும். தோல் ஷாப்பில் கூலிக்குப் போன நாளில், பளபளவென்று காயும் தோலைத் தண்ணீர் என்று நினைத்து வாலால் தொட்டுத் தொட்டு முட்டையிடும். மேஸ்திரி துண்டால் விரட்டுவார்.

வெளியே அதிகாரியின் கறுப்புக் கார் வெயிலில் மின்னியது. அதன் மேல் ஒரு தட்டான் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. எழுந்துவிட்டேன்.

"சார், உங்க வண்டியப் பாருங்க."

பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். "இன்னா ஆயா, உனுக்கு வாய்கூட இருக்குதா?"

"அங்க முட்ட வெக்குது சார். அதுவும் நல்ல தண்ணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "தண்ணின்னு நெனச்சிக்குது ஆயா. அதுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாது. உங்களுக்குமா? ஓடையில ஒரு ஊசித்தட்டான் காட்டுங்க, அந்தக் கெணத்துல நானே மொதல்ல குடிக்கிறேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். மறுபடி பரிசோதனை ஆகும்வரை லாரி வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அதற்கு முன்பே அவரிடம் பிள்ளைகளின் உடம்பில் சொறியைக் காட்டினோம், நம்பவில்லை. நுரையைப் பாட்டிலில் பிடித்துக் காட்டினோம், நம்பவில்லை. தன் கார் மேல் பூச்சி உட்கார்ந்ததும் நம்பினார். ஓடை அங்கிருந்து இருபதடி. அவர் இறங்கிப் பார்க்கவே இல்லை.