பக்கெட்டில் வெந்த ரெசின்

காசிமேட்டில் உடைந்த பைபர் படகுகளை ஒட்டிக் கொடுத்தே மாடி வீடு கட்டியவன் நான். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் ரெசினைப் பற்றி என் எதிரில் பேச, காலேஜ் படித்தவனும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ரெசின் என்பது பைபரை ஒட்டும் பிசின், தேன் மாதிரி இருக்கும். கேட்டலிஸ்ட் என்கிற மருந்தைக் கொஞ்சம் விட்டால்தான் இறுகும். இறுகும்போது அடுப்பில்லாமலே சூடாகும். மருந்து அதிகமானால் அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும். மெல்லிசாகப் பூசினால் சூடு காற்றில் போய்விடும். பக்கெட்டில் மொத்தமாகக் கிடந்தால் எங்கே போகும்?

போன வெயில்காலத்தில் ஒருவன் படகைக் கொண்டுவந்தான். கருங்கல் தடுப்பில் மோதி அடிப்பக்கம் பிளந்திருந்தது. அவன் பிழைப்புக்கு அது ஒன்றுதான். மறுநாள் விடியலில் கடலுக்குப் போயாக வேண்டுமாம். வாயில் மாவாப் புகையிலையை அதக்கியபடி, நான் பிளவை ஒட்டி முடிக்கும்வரை என்னைச் சுற்றியே நின்றான்.

“இன்னா நைனா, இன்னும் ஈரமாவே கீது?”

“தானா சூடேறி இறுகும். கம்னு குந்து.”

சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், தெருமுனையிலேயே நாற்றம். மணலி ஆலைப் புகையைக் குடித்து வளர்ந்த எனக்கே குமட்டியது. பக்கெட்டில் மிச்சமிருந்த ரெசினில் அவன் பாட்டில் மருந்து முழுவதையும் கவிழ்த்து, ஈரமாக இருந்த என் ஒட்டின் மேல் அப்பி வைத்திருந்தான். பக்கெட் புகைந்து, இளகிச் சரிந்து கிடந்தது. உள்ளே மஞ்சளாக நுரைத்து வெடித்து, நாய் கக்கியது போல ஒரு கட்டி.

“இன்னாய்யா இந்தக் கலீஜு?”

“நீதான சொன்ன, சூடேறுனா இறுகும்னு? பாரு, கல்லு மாதிரி கீது! நீ நாள் பூரா பண்ற வேலைய நான் ஒரு அவர்ல முட்சிட்டேன்.”

பெருமையாகத் தட்டிக் காட்டினான். நான் உளியை ஓரத்தில் வைத்து நெம்பினேன். என் ஒட்டும் சேர்ந்து வெந்து, அப்பளம் போல உடைந்து பெயர்ந்தது. அடியில் அதே பிளவு.

“இத்த எட்த்துனு கடலுக்குப் போறியா ராஜா?”

சிரிப்பு செத்தது. மாவாவை என் பட்டறைத் தரையிலேயே துப்பினான், த்தூ.

“நைனா, நாளைக்கு?”

“நாளைக்குத் தேய்க்கிற வேல.” உப்புத்தாளை அவன் கையில் திணித்தேன்.

விடியலில் மற்ற படகுகள் சத்தத்தோடு கிளம்பின. இவன் தலையைத் தூக்கவில்லை. வியர்வையில் பைபர் தூள் ஒட்டி, கழுத்தைச் சொறிந்துகொண்டே தேய்த்தான். நானும் சொறிந்தேன். இந்தக் கரையில் என்னைப் போல ஒட்ட ஆளில்லை. எனக்கு வாய்த்தது கண்டவன் கக்கலைச் சுரண்டும் வேலை. புது பக்கெட்டில் ரெசின் கலக்கியதும் மருந்து பாட்டிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவன் பார்க்கும்படிதான் பூட்டினேன்.