பதினொரு கோழிகளும் அக்கா கொடுத்த சேவலும்

என் அக்கா ஒரு பொருளைக் கொடுத்தால் அதோடு விடமாட்டாள். அடுத்த முறை வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றியதும், கொடுத்தது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று நேரே போய்ப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் காபி டம்ளரைக் கையில் வாங்குவாள். அவள் கொடுத்த தென்னங்கன்று காய்ந்துபோன வருஷம் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. கிணத்துக்கடவில் தோப்பும் தோட்டமுமாக இருப்பவள், அவளிடம் கொடுக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறோம். நான் பம்ப் உதிரிபாகம் செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் ஓர் எலுமிச்சை மரம், துவைக்கிற கல், ஓடாத மோட்டார் கிடக்கும் சின்ன ரூம், அப்புறம் என் மனைவியின் பதினொரு கோழிகள்.

என் மனைவியின் கோழிகள் என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. அவை என்னை மதித்ததே இல்லை. நான் தீனி போட்டால் தலையைச் சாய்த்துச் சந்தேகமாகப் பார்க்கும். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து பின்கதவைத் திறந்தாலே போதும், பதினொன்றும் ஓடிவந்து காலைச் சுற்றிக்கொள்ளும். தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே கோழியிலிருந்து அத்தனையையும் உண்டாக்கினவள் அவள். எது எங்கே முட்டையிடும், எது அடைக்கு உட்காரும், எது மற்றதைக் கொத்தும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு கறுப்புக் கோழி என்னுடைய பழைய ஹெல்மெட்டில் தவிர வேறெங்கும் முட்டையிடாது. அதற்காக நான் புது ஹெல்மெட் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த வருஷம் ஊர்த் திருவிழாவான நோம்பிக்குக் கிணத்துக்கடவு போயிருந்தபோது அக்கா ஒரு சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். செக்கச் சிவந்த கழுத்து, கறுத்து வளைந்த வால். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் என்னமோ நானே பெற்றெடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கையை விரித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமில் கட்டினாள். "ஏனுங்க, பத்து நாளைக்கு இது இங்கயே தனியா இருக்கட்டும். வெளியூர்க் கோழி எதுவானாலும் அப்படித்தான். அப்பறம் சேர்த்து உட்டுக்கலாம்" என்றாள். சரி என்றேன். அதில் எனக்கு மறுப்பொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அக்காவிடமிருந்து போன் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறாளாம், அப்படியே வீட்டுக்கு வருகிறாளாம், இன்னும் கால் மணி நேரத்தில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்ததும் சேவலைத்தான் கேட்பாள். துருப்பிடித்த மோட்டாருக்குப் பக்கத்தில், காலில் கயிறோடு அது தனியாக நிற்பதைப் பார்த்தால்? "எங்கூட்டுச் சாவல ஒதுக்கி வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்கிற குரல் அப்போதே என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்த ஆளை வெளியே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டது மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம்தானே என்று கயிற்றை அவிழ்த்துக் கோழிகளோடு விட்டேன்.

அக்கா வந்து பார்த்துப் பூரித்துப்போனாள். சேவல் எங்கள் தீனித் தட்டில் தின்று, எங்கள் தண்ணீர்ச் சட்டியில் குடித்து, ராஜா கணக்காக நடந்தது. மனைவி பையோடு பின்கதவில் வந்து நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அக்காவிடம் திரும்பி, "வாங்க நங்கையா, வந்து நேரமாச்சுங்களா?" என்று சிரித்தாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா போன பிறகு மனைவி சேவலை மறுபடி மோட்டார் ரூமில் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சேவல் தலையைத் தொங்கப்போட்டது. வியாழக்கிழமை செத்தது. சனிக்கிழமை கோழிகளுக்கு வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது, கழுத்து முறுக்கிக்கொண்டது. மாட்டாஸ்பத்திரியில் வெள்ளைக்கழிச்சல் என்றார்கள். வந்த பிறகு மருந்து கிடையாது, வருவதற்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். அந்தத் தவணையை ஊர் வேலைகளில் நாங்கள் தள்ளிப்போட்டிருந்தோம். அடுத்த புதன்கிழமைக்குள் பதினொன்றும் போய்விட்டன.

அந்த நாலைந்து நாள் அவள் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "நிக்கறதையாவது அறுத்துப்போடுங்க, மசாலா போட்டா ஒண்ணும் தெரியாதுங்க." அவள் வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னாள். எலுமிச்சை மரத்தடியில் என்னை ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக வைத்துச் சுண்ணாம்பு போட்டு மூடினாள். கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கொடாப்பைக் கொளுத்தினாள். அதன் பிறகு குளித்து, சேலை மாற்றி, தெருவில் கோழி வளர்க்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் போய் வாசலுக்கு வெளியிலேயே நின்று, "எங்கூட்டுக் கோழிகளுக்குச் சீக்கு வந்துருச்சுங்க, உங்களுதுக்கு இன்னைக்கே ஊசி போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. நானாக இருந்தால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு ஒரு கோழிகூடச் சாகவில்லை.

அவள் அழுதது ஒரே ஒரு தடவை. நான் பொடக்காலியைக் கழுவும்போது ஹெல்மெட்டில் ஒரு முட்டை கிடந்தது. கறுப்புக் கோழி எப்போது வந்து இட்டதோ தெரியாது. அதைப் பார்த்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உன்னால்தான் என்று அவள் அப்போதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் சொல்லவில்லை. முட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குப் பக்கத்தில் புதைத்தாள்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "நங்கையா, மன்னிச்சுக்கோங்க. எங்க கோழிகளுக்குச் சீக்கு வந்து உங்க சாவலும் போயிருச்சுங்க. நல்ல சாவல், நாங்க பாத்துக்காம உட்டுட்டோம். நீங்க அன்னைக்கு ஞாயித்துக்கிழமை இங்க வந்துட்டுப் போனீங்க, செருப்புல ஒட்டிக்கிட்டு அங்கயும் வந்திருக்கும். நாளைக்கே உங்க கோழிகளுக்கு ஊசி போட்டுருங்க, தள்ளிப்போட்டுறாதீங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கோழி வளர்ப்பதைப் பற்றி வகுப்பெடுத்தாள், அத்தனைக்கும் இவள் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டாள். வைத்ததும் நான் கத்தினேன். சீக்கைக் கொடுத்துவிட்டதும் அவர்கள், நம்மைத் திட்டுவதும் அவர்களா என்று.

"உங்க சாவல்லதான் சீக்கு வந்துச்சுன்னு சொன்னா, இல்லைன்னு அடிச்சுப் பேசறதுலயே அவங்களுக்கு ரெண்டு நாள் போயிரும். அதுக்குள்ள அங்க இருக்கறதெல்லாம் செத்துப்போகும். அதுக என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள். தன்னுடைய பதினொன்றையும் புதைத்துவிட்டு வந்து, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கோழிகளுக்காக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் பொடக்காலி வெறிச்சென்று கிடந்தது. ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள். கையில் ஒயர் கூடை, கூடைக்குள் இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு வெடைக்கோழிகள். என் மனைவி வாய் திறப்பதற்குள் நான் கூடையை வாங்கிக்கொண்டு நேரே மோட்டார் ரூமுக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அவள் கண் முன்னாலேயே இரண்டின் காலிலும் கயிற்றைக் கட்டினேன். "பத்து நாளைக்கு இங்கதானுங்க அக்கா. யாரு கொடுத்தாலும் இப்படித்தான்." இன்னொரு ஆறு மாதம் பேசாவிட்டாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபியோடு வந்து நின்ற என் மனைவியைத்தான் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளைக்கே வெய்யி அம்மணி. நீ போன் பண்ணுனப்பவே எங்க தோட்டத்துல ஏழு கோழி செத்துக் கிடந்துச்சு. மொதக் கோழி உழுந்தது நீங்க சாவலைக் கொண்டுபோன மறுநாளே. உங்கிட்டச் சொல்ல வாய் வரல. நீ சொன்னியேன்னு மறுநாளே ஊசி போட்டேன், நாலு தப்பிச்சுது. அதுல ஒண்ணு பொரிச்சதுதான் இது ரெண்டும்."

"எனக்குத் தெரியுமுங்க நங்கையா" என்றாள் என் மனைவி. "காபி ஆறுது, குடிங்க."

அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.